அதிகாரியின் காலடியில் உருளை

மார்ச் 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. போன் செய்தால் எடுக்கவும் மாட்டேன். போனில் நீ வழவழவென்று பேசி மழுப்பிவிடுவாய். எழுது. எழுத்தில்தான் நீ மாட்டுவாய்.

நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் டாக்டருக்குப் பழைய காலத்துப் படைவீரர் பொம்மைகள் சேர்க்கும் பைத்தியம் உண்டு. அவர் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி முழுக்க அதுதான். திங்கட்கிழமை அதிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து, நான் செய்துகொண்டிருந்த பல் செட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "வாளுறை ஒடிஞ்சு போச்சும்மா. உன்கிட்டதான் பொடிப் பொடிக் கருவியெல்லாம் இருக்கே, ஒட்டிக் குடேன்" என்றார்.

ஒரு சாண் உயரம். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு படையின் அதிகாரி. நீளக் கோட்டு, பித்தான் வரிசை, கக்கத்தில் இடுக்கிய தொப்பி. காலடியில் ஒரு நாய்.

அது உருளை. என் உருளை.

இல்லை என்று சொல்லாதே. இடது காது பாதியில் மடிந்திருக்கிறது. கதவில் நசுங்கிய வால் நுனி அதே கோணலில் நிற்கிறது. உட்காரவும் மனசில்லாமல் படுக்கவும் மனசில்லாமல், பின்னங்காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு உட்காருமே, அதே உட்காரல். பொம்மையைத் திருப்பினேன். அடியில் உன் முத்திரை. நீ களிமண்ணில் செய்து, கம்பெனிக்காரர்கள் அச்செடுத்து ஊரெல்லாம் விற்கிற பொம்மை.

என் நாயைப் பார்த்து நீ பொம்மை செய்ததற்கு எனக்குக் கோபமில்லை. அதன் மூஞ்சி நரைத்திருக்கிறது. அதுதான் கேள்வி.

நான் வீட்டை விட்டுக் கிளம்பியபோது உருளைக்கு ஐந்து வயது, மூஞ்சி கரிக்கட்டை மாதிரி இருக்கும். விடுதியில் நாய் சேர்க்க மாட்டார்கள் என்று உன்னிடம் விட்டுவிட்டு வந்தேன். எட்டு மாசம் கழித்துத் தனி வீடு கிடைத்ததும் அனுப்பு என்று எழுதினேன். நீ என்ன பதில் போட்டாய்? "வலிப்பு வந்து இறந்துவிட்டது. பட்டறைக்குப் பின்னால் புதைத்தேன். மேலே ஒரு கல் வைத்திருக்கிறேன்." அன்றைக்கு நான் எங்கே அழுதேன் தெரியுமா? பல் செட்டைத் தேய்த்து வழவழப்பாக்கும் இயந்திரத்தை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதேன். பக்கத்து அறைக்குக் கேட்கக் கூடாதே.

பொம்மையோடு வந்த அட்டையில், "எஜமானரை ஒரு நாளும் பிரியாத நாய்" என்று அச்சடித்திருக்கிறது. படித்ததும் அட்டையைக் கிழிக்கப் போனேன். டாக்டருடையது, பிழைத்தது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் செத்த நாய்க்கு எப்படியடா நரைக்கும்?

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உறைக்குள்ளிருந்து புகை வராத குறைதான்.

அது உருளைதான். ஒத்துக்கொள்கிறேன். ஞாபகத்திலிருந்து செய்தேன். கம்பெனியில் ஒரு அதிகாரி வேண்டும், பக்கத்தில் ஒரு நாயும் வேண்டும் என்றார்கள். நாய் என்றதும் என் கைக்கு வேறு எந்த நாய் வரும்? நரை என் வேலை இல்லை. வர்ணம் பூசுகிறவர் வேறு ஆள். கறுப்பு மூஞ்சி விளம்பரப் படத்தில் எடுபடாது என்று வெள்ளையைத் தடவிவிட்டார். இதற்குப் போய் மூன்று பக்கம் திட்டியிருக்கிறாய்.

பட்டறையில் கோட்டு நுனி உடைந்த பிரதி ஒன்று வீணாகக் கிடக்கிறது. நாயை மட்டும் அறுத்து எடுத்து, நானே கறுப்பு வர்ணம் பூசி அனுப்பட்டுமா? மேசையில் வைத்துக்கொள்ளலாம்.

டாக்டரிடம் வாளுறையை ஒட்டப் பசை மட்டும் போதாது என்று சொல். உள்ளே மெல்லிய கம்பி வைத்து ஒட்ட வேண்டும்.

தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

கம்பி வைத்துத்தான் ஒட்டியிருக்கிறேன். எனக்குப் பாடம் எடுக்காதே.

வர்ணம் பூசுகிறவர் நரை வைப்பார், சரி. பல்லையும் அவரே உடைப்பாரா?

பல் என் தொழில் என்பதை நீ மறந்துவிட்டாய். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நாய் வாயைப் பாதி திறந்துகொண்டிருக்கிறது. மேல்வரிசையில் இடது கோரைப்பல் பாதிக்கு மேல் இல்லை. கீழே முன்பற்கள் ஈறுவரைக்கும் தேய்ந்திருக்கின்றன. அப்படித் தேய வருஷக்கணக்கில் ஆகும். நான் விட்டுவிட்டு வந்தபோது அதன் வாயில் ஒரு பல்லுக்குப் பழுதில்லை. ஞாயிறுதோறும் தேய்த்துவிட்டவள் நான். முன்னங்காலின் முட்டியில் வயசான நாய்களுக்கு வருகிற காய்ப்பையும் ஒழுங்காகச் செய்து வைத்திருக்கிறாய். ஞாபகத்திலிருந்து செய்தவனுக்கு, ஞாபகத்திலேயே இல்லாத பல் எங்கிருந்து வந்தது?

உன் கை சுத்தம். அதுதான் உன்னைக் காட்டிக்கொடுத்தது. பொய்யாக ஒரு பல்லைக்கூட உன்னால் செய்ய முடியவில்லை. வாயால் மட்டும் எப்படி முடிந்தது?

இந்த ஐந்து வருஷத்தில் இரண்டு தடவை என் வீட்டுக்கு வந்தாய். என் கையால் சாப்பிட்டாய். "பாவம்க்கா, கடைசி நேரத்துல ரொம்பக் கஷ்டப்படலை" என்று என்னைத் தேற்றினாய். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சட்டையிலிருந்த நாய் முடியைத் தட்டிவிட்டு வந்திருப்பாய், இல்லையா?

பொம்மை நாயை நீயே வைத்துக்கொள். ஒரே ஒரு வார்த்தை பதில் போடு. உருளை இருக்கிறதா, இல்லையா?

அக்கா


மார்ச் 19

அக்கா,

இருக்கிறது.

இதை எழுதும் மேசைக்கு அடியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. பல் போன வருஷம் உடைந்தது, வாசல் கேட்டின் கம்பியைக் கடித்து. புதைத்தேன் என்றது பொய். கல்லும் பொய். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் நானும் ஐந்து வருஷமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். கேட்டுவிட்டாய், முழுக்கக் கேட்டுக்கொள்.

நீ போன ஏழாவது மாசம் அப்பாவுக்குப் பக்கவாதம். இடது கை, இடது கால் இரண்டும் போயின. வாய் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. அந்தப் பாதி வாயை வைத்துக்கொண்டு, "அவளுக்குச் சொன்னே, அப்புறம் என்னைப் பொணமாத்தான் பாப்பே" என்றார். அதனால் "அப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை" என்று மட்டும் உனக்கு எழுதினேன். மேலே என்ன ஏது என்று நீ கேட்பாய், சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். உன் பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது. வீடு கிடைத்துவிட்டது, உருளையை ரயிலில் ஏற்றிவிடு, கூண்டு இத்தனை நீளம், இத்தனை அகலம், தண்ணீர்க் கிண்ணம் கவிழாதபடி கட்டு. ஒரு பக்கம் முழுக்க. அதில் அப்பா என்ற சொல்லே இல்லை அக்கா.

நடக்கப் பயிற்சி கொடுக்க வந்தவரை, "முப்பது வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு நடக்கச் சொல்லித் தர வந்துட்டான்" என்று விரட்டிவிட்டார். கட்டிலோடு கிடந்தார். நான் பட்டறைக்குப் போய்விட்டால் வீட்டில் அவரும் நாயும்தான். ஒரு நாள் வெளியே விட ஆளில்லாமல் உருளை அவர் போர்வையிலேயே மூத்திரம் போய்விட்டது. அதை அடிப்பதற்கென்று எழுந்தார். எழுந்தார் அக்கா! சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்ததெல்லாம் திட்டிக்கொண்டு, வாசல்வரை துரத்தினார். நான் வரும்போது இரண்டு பேரும் வாசல்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலையில் சங்கிலியை அவரே எடுத்தார்.

உன் கடிதம் அந்த வாரம்தான் வந்தது. நீயே சொல், நான் கூண்டு வாங்கப் போயிருக்க வேண்டுமா?

உனக்கு ஒரு பொய் எழுதினேன். அவரிடம் இன்னொன்று சொன்னேன். "அக்கா நாயை உங்ககிட்டயே விட்டுட்டா" என்றேன். "அவளா சொன்னா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த நாயை "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுகிறார். பெற்ற பிள்ளைகளுக்குக் கிடைக்காத மரியாதை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாயின் பல்லைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாயே, அந்த அதிகாரியின் மூஞ்சியைப் பார்த்தாயா? இரண்டு கடிதம் எழுதிவிட்டாய். "ஏதோ ஒரு படையின் அதிகாரி" என்பதோடு சரி. போய்ப் பார்.

தம்பி


மார்ச் 23

தம்பிக்கு,

பார்த்தேன்.

டாக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்ட பொம்மையை, ஒட்டினது சரியாக நிற்கிறதா பார்க்க வேண்டும் என்று மறுபடி வாங்கி, ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். அப்பாவின் தாடை. இடது வாயோரம் ஒரு நூல் அளவு இறங்கியிருக்கிறது. இடது பூட்ஸ் ஒதுங்கி நிற்கிறது, பாரமெல்லாம் வலது காலில். அவ்வளவு இளைத்துவிட்டாரா?

பக்கவாதம் என்று ஒரு சொல் எழுத உனக்குக் கை வரவில்லை. எழுதியிருந்தால், உருளை அவரிடமே இருக்கட்டும் என்று நானே சொல்லியிருப்பேன். சொல்ல மாட்டேன் என்று நீயாக முடிவு கட்டினாய். நாயை மறைத்ததைவிட அதுதான் எனக்கு எரிகிறது. உன் அக்காவை நீ அவ்வளவுதான் எடை போட்டு வைத்திருக்கிறாய்.

கடிதத்தில் அப்பா என்ற சொல் ஏன் இல்லை என்று கேட்கிறாய். உனக்குத் தெரியாதா? புருஷனை விட்டுவிட்டு, ஒரு பெட்டியும் ஒரு நாயுமாக வந்து நின்றேன். கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "நாய்க்கு வேணா இடம் இருக்கு, உனக்கு இல்ல" என்றார். நீ அங்கேதான் இருந்தாய். பலகை மேல் களிமண் பிசைந்துகொண்டிருந்தாய். பிசைவதை நிறுத்தக்கூட இல்லை.

வியாழக்கிழமை வருகிறேன். நாய் என்னுடையது. கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறேன்.

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

சொன்னபடியே செய்துவிட்டாய். சந்தோஷமா?

நான் வரும்வரை இருக்கக் கூடாதா? அச்சு ஒன்றைக் கொடுக்கப் போனவன் பத்து மணிக்குத் திரும்பிவிட்டேன். சங்கிலி மாட்டுகிற ஆணி காலி. அப்பா கட்டிலில் செருப்போடு படுத்திருந்தார். "அக்கா வந்தாளா?" என்றேன். "வந்தா." "நாய் எங்க?" "அவளோடதுதானே, கொண்டு போயிட்டா." அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை. தட்டை நீட்டினால் வாங்கிக்கொள்கிறார், நான் நகர்ந்த பிறகுதான் சாப்பிடுகிறார்.

ஆறு நாளாக வாசல்படி தாண்டவில்லை. நீ கொண்டு போனது நாயை இல்லை, அந்த மனுஷனின் காலை. பாதி உடம்போடு இருக்கிறவரிடம் பழி தீர்த்துக்கொண்டாய். அவர் பேசியது தப்பு. உன்னுடையது மட்டும் என்ன? நாயை நினைத்து இயந்திரத்தை ஓடவிட்டு அழுதாயே, இவருக்காக அந்த இயந்திரத்தை ஒரு நாள் ஓடவிட்டிருப்பாயா?

அவரிடம் என்ன சொன்னாய்? அதையாவது எழுது.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

உண்மையைச் சொன்னேன். உங்கள் வீட்டில் அது பழக்கமில்லை என்பதால் எல்லாருக்கும் வலிக்கிறது.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்தேன். எதிரே வந்துகொண்டிருந்தார்கள். அவர் முப்பது அடி நடக்கிறார், நிற்கிறார். நாயும் நிற்கிறது. மறுபடி முப்பது அடி. என்னைப் பார்த்துவிட்டார். திரும்பிப் போகவில்லை, நின்றார். உருளை என் செருப்பை இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டு விளக்குக் கம்பத்துக்குப் போய்விட்டது. கட்டிப்பிடித்து அழ வந்தவளுக்கு மரியாதை கம்பத்துக்கு அப்புறம்தான். அந்த வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்துதான், என்னமோ ஞாபகம் வந்த மாதிரி, என் முழங்காலில் தலையை வைத்தது.

அப்பா என்னைப் பார்க்காமல் நாயைப் பார்த்துக்கொண்டே, "நீ குடுத்ததுக்கு அப்புறம் ஒரு நாள்கூட இவரைக் கட்டிப்போட்டதில்ல" என்றார்.

நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. "நான் குடுக்கலை. செத்துப்போச்சுன்னு உங்க பையன் எனக்கு எழுதினான்" என்றேன். அவருக்கு வலிக்க வேண்டும் என்றே சொன்னேன். அதை மறைக்க மாட்டேன்.

பிடி இல்லாத இடது கையில் சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தார். வலது கையால் அதை அவிழ்க்க ஆரம்பித்தார். ரொம்ப நேரமாயிற்று. நான் உதவவில்லை. அவிழ்த்து என்னிடம் நீட்டி, "அப்போ இது உன்னுது. கொண்டு போ" என்றார்.

"நீங்க எப்படி வீட்டுக்குப் போவீங்க?"

"வந்த மாதிரிதான்."

மதில் சுவரைத் தொட்டுத் தொட்டுப் போனார். பின்னாலேயே போயிருக்கலாம். போகவில்லை. போனால் எங்கே என் கோபம் தணிந்துவிடுமோ என்று பயம். அது ஒன்றுதான் இத்தனை வருஷமாக என்னை நிமிர்த்தி நிற்க வைத்திருக்கிறது.

இங்கே உருளை நன்றாகத்தான் சாப்பிடுகிறது. காலை ஆறரைக்குக் கதவருகில் போய் நிற்கிறது. நான் அழைத்துப் போனால் முப்பது அடி நடந்ததும் நின்றுவிடுகிறது. பின்னால் யாருமில்லை என்று தெரிந்த பிறகுதான் நகர்கிறது. இழுத்துப் பார்த்தேன், பயனில்லை.

திருப்பி அனுப்ப மாட்டேன். அவரே கையால் கொடுத்தது. நீ கேட்ட இயந்திரத்தை அன்று மத்தியானம் ஓடவிட்டேன். போதுமா?

அக்கா


ஏப்ரல் 18

அக்கா,

உன்னோடு சண்டை போட இன்றைக்குத் தெம்பில்லை. ஒரு விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அப்பா நேற்று ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டார். கூட வேலை பார்த்த பழைய டிரைவர் ஒருவர் கூப்பிட்டாராம், பத்து நாள் இருந்துவிட்டு வருவாராம். மூன்று நாளாக வாசலிலிருந்து தெருமுனைவரை தனியாக நடந்து பழகிக்கொண்டிருந்தார். கோபம் தணிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். நானும் துணைக்கு வருகிறேன் என்றதும், "பஸ்ல போறதுக்கு எனக்கு வழி சொல்றியா?" என்றார். இந்தப் பயணத்தைச் சொன்னது போக, மூன்று வாரத்தில் என்னிடம் பேசிய முழு வாக்கியம் அது ஒன்றுதான்.

பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். வீடு ஓவென்று கிடக்கிறது. கம்பெனியில் அதே அதிகாரியைக் குதிரை மேல் வைத்துக் கேட்கிறார்கள். நாலு நாளாகப் பிசைகிறேன், முகம் வரவில்லை.

அன்றைக்கு நீ பெட்டியோடு நின்றபோது நான் பிசைவதை நிறுத்தவில்லை என்று எழுதியிருந்தாய். நிறுத்தவில்லைதான். நிறுத்தினால் ஏதாவது பேச வேண்டிவரும், பேசினால் என்னையும் வெளியே போகச் சொல்வார் என்று பயந்தேன். அதற்கப்புறம் சொன்ன பொய் எல்லாமே அந்தப் பயத்தில் வந்ததுதான். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. தெரிந்துகொள்.

நீ செய்ததும் எனக்கு ஆறவில்லை.

தம்பி


ஏப்ரல் 22

தம்பிக்கு,

அந்தப் பழைய டிரைவர் நான்தான்.

பதினேழாம் தேதி சாயங்காலம் மருத்துவமனையில் கூட்டம். நான் உள்ளே மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்து, "உன்னைப் பாக்க ஒருத்தர் வந்திருக்காரும்மா. டோக்கன் வாங்கிட்டு ரெண்டு மணி நேரமா உக்காந்திருந்திருக்கார். எந்தப் பல்லுன்னு கேட்டா, பல்லு இல்ல, என் பொண்ணுங்கறார்" என்றார். எட்டிப் பார்த்தேன். பையையும், மருத்துவமனை விலாசம் போட்ட என் பழைய கடித உறையையும் மடியில் வைத்துக்கொண்டு நோயாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மேலே விளக்கு வேறு எரிந்துகொண்டிருந்தது. டாக்டர் அவர் முகத்தையும் தன் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல வேளை, ஒன்றும் கேட்கவில்லை.

"சொல்லாம கொள்ளாம ஏன் வந்தீங்க?" என்றேன். "சொன்னா வேணாம்ன்னிருவே" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அப்பனும் மகனும் ஒரே அச்சு. நான் என்ன சொல்வேன் என்று நீங்களே முடிவு கட்டுவீர்கள், பிறகு அதற்குத் தகுந்த மாதிரி பொய் சொல்வீர்கள். வீட்டுக்குக் கூட்டிப்போகும் வழி முழுக்கத் திட்டினேன். முப்பது அடிக்கு ஒரு தடவை அவர் நின்றபோதெல்லாம் நானும் நின்று திட்டினேன்.

உருளை அவரைக் கண்டதும் செய்த கூத்தை எழுத மாட்டேன். எனக்குப் பொறாமை.

மறுநாள் காலை நடந்துவிட்டு வந்ததும் உட்கார வைத்துக் கேட்டுவிட்டேன். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. சத்தம் போட்டேன், பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நாயின் காலைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "ஊர் என்ன சொல்லும்னு நெனச்சேன். அப்புறம் படுத்துக் கிடந்தப்போ ஊர்ல ஒருத்தனும் எட்டிப் பாக்கலை" என்றார். நாயின் அடுத்த காலைத் துடைக்க எடுத்துக்கொண்டு, "தப்புதான்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. எனக்கு அது போதுமா என்று இன்னும் தெரியவில்லை. நேற்றும் ஒரு சண்டை போட்டேன். நாளைக்கும் இருக்கும்போலத் தெரிகிறது. அவர் ஓடவில்லை, உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறார்.

ரத்த அழுத்த மாத்திரையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார், படிக்கிற கண்ணாடியையும். தபாலில் அனுப்பாதே, நீயே எடுத்துக்கொண்டு வா. களிமண்ணையும் கொண்டு வா, அந்த முகம் இங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வா. உனக்கென்று தனியாகத் திட்டு வைத்திருக்கிறேன். அப்பாவும் தன் பங்குக்குத் திட்டப்போவதாகச் சொல்கிறார். வரும் வழியில் சாப்பிட்டுத் தொலைக்காதே. சமைத்து வைத்திருப்பேன்.

அக்கா